துண்டுக்குள் நடுங்கிய கை

அய்யலூர் ஆட்டுச்சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகரும் வாங்க வந்தவரும் எதிரெதிரே நின்று, ஒரு துண்டை விரித்து, அதற்கடியில் ஆளுக்கொரு கையை நுழைத்துக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம், கையை மொத்தமாகப் பிடித்தால் ஐயாயிரம். சுற்றி நிற்கிற நூறு பேரும் துண்டின் அசைவைத்தான் பார்க்கலாம். என்ன விலை படிந்தது என்பது அந்த இரண்டு பேருக்கும் மேலே இருக்கிறவனுக்கும் மட்டும் தெரியும். அதனால்தானோ என்னவோ, துண்டுக்குள் பொய் சொல்கிற கையைச் சந்தை மன்னிப்பதில்லை.

சோலைமுத்து பதினாறு வருடமாக அங்கே தரகன். அந்த வியாழக்கிழமை அவன் தன் துண்டை முந்தின நாளே துவைத்து, நீலம் போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தான். சந்தை முடிந்ததும் சினிமாக்காரர்கள் அவன் கையைப் படம் எடுப்பதாக இருந்தது. ஆனால் அவன் மனம் சினிமாவில் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டில் ஒரு கருப்புக் கிடாய் கட்டிக் கிடக்கிறது. பதினான்கு மாதமாகக் கையால் தழை ஒடித்துப்போட்டு வளர்த்த கிடாய். அதை ஓட்டிக்கொண்டு நாளைக் காலையில் அவன் தன் மனைவியின் ஊருக்குப் போக வேண்டும். போய் வாசலில் நின்று, "வா" என்று சொல்ல வேண்டும். அவள் வருவாளா என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே கேள்வி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் தீபாவின் காதுகுத்துக்கென்று கருப்பசாமிக்கு ஒரு கிடாய் நேர்ந்து விட்டிருந்தார்கள். நேர்ந்த கிடாயைத் திருடன்கூடத் தொட மாட்டான். அதைச் சோலைமுத்து இதே சந்தைக்கு ஓட்டி வந்து, இதே துண்டுக்குள் விலை பேசி, விற்றுக் குடித்தான். காதுகுத்தன்று பந்தல் இருந்தது, சொந்தக்காரர்கள் இருந்தார்கள், தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. கிடாய் இல்லை. மனைவி பொன்னழகு யார் முன்னாலும் சத்தம் போடவில்லை. எல்லோரும் போன பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இனிமே குடிக்க மாட்டேன்னு நீங்க சொன்னதைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. வாயை நம்ப மாட்டேன். என்னைக்கு உங்க கை நடுங்காம இருக்குதோ அன்னைக்கு வாங்க."

குடிகாரன் கையை அவன் வீட்டுக்காரியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. குடித்திருந்தால் சோலைமுத்துவின் கை நடுங்காது, வாய் நாறும். குடிக்காத நேரத்தில் வாய் நாறாது, கை நடுங்கும். எட்டு வருடத்தில் இரண்டும் இல்லாத ஒரு பொழுதைப் பொன்னழகு பார்த்ததே கிடையாது.

அவள் போன பிறகும் அவன் நான்கு மாதம் குடித்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். மனைவி போன அன்றே திருந்துவதெல்லாம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அவனுக்கு வாய்த்தது வேறு ஒன்று.

திண்டுக்கல் பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹக்கீம் வியாழன்தோறும் ஆடு பிடிக்க வருகிறவர். ஒரு வியாழக்கிழமை காலை, முதல் மடக்கு உள்ளே போகாத நேரம், சோலைமுத்துவின் கை துண்டுக்குள் போனதும் மழையில் நனைந்த குட்டி மாதிரி உதற ஆரம்பித்தது. தரகன் கை உதறினால் விலை தப்பும். ஹக்கீம் கையை உருவிக்கொண்டு, "என்னப்பா இது?" என்று ஒரு வார்த்தை உரக்கக் கேட்டிருந்தால் போதும், சோலைமுத்துவின் பிழைப்பு அந்த இடத்தில் முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. தன் இன்னொரு கையையும் துண்டுக்குள் விட்டு, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். முகத்தில் மட்டும், விலை கட்டுப்படியாகாத வியாபாரியின் சுளிப்பு. பார்த்தவர்கள் பாய் கறாராகப் பேசுகிறார் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நடுக்கம் அடங்கியது. அதன் பிறகு நாலு ஆட்டுக்கு விலை பேசி முடித்தார்கள். ஆட்டை வண்டியில் ஏற்றும்போது ஹக்கீம் மெதுவாகச் சொன்னார்:

"சோலை, வண்டியில முன்னாடி ஏறு. ஜி.எச்.சுல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. போற வழிதானே."

போற வழி இல்லை. ஆனால் சோலைமுத்து ஏறினான். ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளும் சாயங்காலம் ஹக்கீம் ரஸ்க்கும் டீயும் வாங்கிக்கொண்டு வந்து, மார்க்கத்தைப் பற்றியோ குடியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசாமல், ஆட்டு விலை பற்றிப் பேசிவிட்டுப் போவார். அது நடந்து இருபது மாதம் ஆகிறது.

அவ்வளவு நாள் ஆகியும் சோலைமுத்து மனைவியைப் பார்க்கப் போகவில்லை. வெறும் கையோடு போகக் கூச்சம். போன கிடாய்க்கு ஒரு கிடாய் வளர்த்துக்கொண்டு போக வேண்டும் என்று இருந்தான். கிடாய் இப்போதுதான் வெட்டும் பருவத்துக்கு வந்திருந்தது.

*

பதினொரு மணிக்குச் சந்தை கலைந்தது. புழுக்கையும் தழையும் மிதிபட்ட திடலில் சினிமாக்காரர்கள் கயிறு கட்டினார்கள். ஐம்பது ஆடுகளையும் கொஞ்சம் வியாபாரிகளையும் போகவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். இயக்குநர் முகேஷ்குமாருக்கு முப்பது வயது இருக்கும். தொப்பி போட்டிருந்தார், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. உதவி இயக்குநர் நான்சி மூன்று மாதத்துக்கு முன்பே நோட்டுப் புத்தகத்தோடு வந்து சோலைமுத்துவிடம் சந்தை நடைமுறை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போன பெண். அப்போது அவன், யாரோ ஒருவனுக்கு நடந்த மாதிரி, துண்டுக்குள் கை நடுங்கிய கதையைச் சொல்லியிருந்தான். அது இப்போது படத்தில் வந்து நின்றது.

ஹக்கீம் நான்சியிடம் கதையைக் கேட்டார்.

"ஹீரோ ஆட்டுத்தரகர், பாய். பூக்காரப் பொண்ணை விரும்புறார். ஆனா குடியை விட முடியலை. பொண்ணு வீட்ல வேற மாப்பிள்ளை பார்த்திடறாங்க. அவ கல்யாணத்தன்னைக்கு இவர் சந்தைக்கு வந்து விலை பேசறார், துண்டுக்குள்ள கை நடுங்குது. வாங்க வந்தவர் கையை உதறிட்டுப் போயிடறார். அதுதான் கடைசி. அங்கேயே விழுந்து…"

"மௌத்தாயிருவாரா?"

"ஆமா பாய்."

"அந்தப் பிள்ளை?"

"தாலியோட ஓடி வந்து அழும்."

ஹக்கீம் தாடியைத் தடவினார். "ஏம்மா, அவனைப் பொழைக்க வச்சா படம் ஓடாதா?"

நான்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓடாது பாய். ரெண்டு பேரும் சேராம இருந்தாத்தான் ஜனங்க மனசுல நிக்கும்."

"அப்படியா? எங்க வீட்ல குர்ஷித் பேகம் முப்பத்தோரு வருசமா என்கூடத்தான் இருக்கா. யாரு மனசுலயும் நிக்காமப் போயிட்டோமே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சோலைமுத்துவும் சிரித்தான், ஆனால் அவன் கண் தரையில் இருந்தது.

கதாநாயகன் நல்ல உயரம், நல்ல பையன். துண்டுக்குள் கையை விட்டு அப்படியே வைத்திருந்தார். துண்டு கொடியில் காய்கிற துணியாட்டம் கிடந்தது. கயிற்றுக்கு அப்பால் ஒரு வியாபாரி கத்தினார்: "ஏலே, மருதாணி வைக்க நீட்டுற மாதிரி நீட்டுறாருப்பா!" நாலு முறை எடுத்துப் பார்த்துவிட்டு முகேஷ்குமார் கைவிட்டார். அதற்குத்தான் சோலைமுத்துவின் கை. அவன் மணிக்கட்டில் ஆட்டுக்கயிறு அறுத்த தழும்பு, நகத்தில் மண். கதாநாயகன் போட்டிருந்த அதே காக்கிச் சட்டையை அவனுக்கும் மாட்டிவிட்டார்கள். எதிரே வாங்குகிறவர் கைக்கு ஹக்கீமையே கேட்டார்கள்.

"மூஞ்சி வராதுல்ல?" என்றார் ஹக்கீம். "வந்துச்சுன்னா வீட்ல, எந்த ஹீரோயின் கையைப் பிடிச்சேன்னு பஞ்சாயத்து வச்சிருவா."

"கை மட்டும்தான் பாய்."

"சரி. லுஹர் தொழுகைக்குள்ள முடிச்சிரணும்."

முதல் முறை எடுத்தார்கள். துண்டு உயிரோடு அசைந்தது. முகேஷ்குமார் கையைத் தட்டினார். "சூப்பர்ணா! இப்ப இதே மாதிரி, ஆனா கை நடுங்கணும்."

அங்கேதான் சிக்கல். சோலைமுத்து கையை ஆட்டினான். "கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்றார் கேமராக்காரர். மெதுவாக ஆட்டினான். மாவு சலிக்கிற மாதிரி இருந்தது. ஐந்து முறை, ஆறு முறை. ஒரு காலத்தில் நிறுத்து நிறுத்து என்று சாமியைக் கும்பிட்டும் நிற்காத கை, இன்றைக்கு வேண்டி நின்றும் நடுங்க மாட்டேன் என்றது. சோலைமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் அடியில், யாருக்கும் சொல்ல முடியாத ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

புரொடக்‌ஷன் மேனேஜர் அவனைத் தனியே ஒரு வேனுக்குப் பின்னால் அழைத்துப் போனார். கையில் ஒரு காகிதக் கப்பைக் கொடுத்தார்.

"என்னண்ணே இது?"

"ரெண்டு மடக்கு. சும்மா ஒரு மூடுக்கு. அடிச்சா கை தானா ஆடும்."

சோலைமுத்து கப்பைப் பார்த்தான். வாடை மூக்கில் ஏறியது. பழைய சிநேகிதன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"அடிச்சா ஆடாதுண்ணே" என்றான் மெதுவாக. "அடிக்காட்டித்தான் ஆடும்."

"அட, அப்ப சும்மாதான் அடிங்களேன்! காலையில இருந்து வெயில்ல நிக்கிறீங்க. யாரு பாக்கப் போறா?"

யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற அந்த வார்த்தையில்தான் இருபது மாதமும் தொங்கியது. ஒருத்தரும் பார்க்கவில்லைதான். நாளைக்குள் வாடை போய்விடும். சோலைமுத்து கப்பைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. குடிக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டே நின்றான். நிற்க நிற்கக் கப் கனத்தது.

ஹக்கீம் அவனைத் தேடிக்கொண்டு வேனைச் சுற்றி வந்தார். பார்த்தார். அவர் பிறந்ததிலிருந்து மதுப் பாட்டிலைக் கையால் தொட்டதில்லை. வழியில் காலி பாட்டில் கிடந்தாலும் செருப்பால் ஒதுக்கிவிட்டுப் போகிறவர். அவர் கையை நீட்டி, சோலைமுத்துவின் விரல்களிலிருந்து அந்தக் கப்பை எடுத்து, குனிந்து, யார் மேலும் தெறிக்காமல் மண்ணில் ஊற்றினார். கப்பைக் கசக்கிக் குப்பையில் போட்டார். ஆட்டுக்குத் தண்ணி வைத்திருந்த தொட்டியில் கையை மூன்று தரம் கழுவினார்.

"தம்பி, ஷாட்டை வைக்கச் சொல்லுங்க" என்றார் மேனேஜரிடம். "இந்தத் தடவை நடுங்கும்."

நடந்து வரும்போது சோலைமுத்து கேட்டான்: "எப்படிப் பாய் நடுங்கும்?"

"நீ சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லு. எனக்கும் ஒரு கை இருக்குல்ல?"

*

அந்த நேரத்தில்தான் அடுத்த காட்சிக்கான கூட்டத்தை ஏற்றிக்கொண்டு இரண்டு வேன்கள் வந்து நின்றன. மல்லிகைத் தோட்டத்து ஊர்களிலிருந்து வந்த பெண்கள், பூக்கூடையோடு சந்தையைக் கடந்து போக வேண்டியவர்கள். சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கி, கயிற்றோரம் வரிசையாக நின்றார்கள். அவர்களில் பொன்னழகும் இருந்தாள். பூப்பறிக்கிற கூட்டத்தோடு அவளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சந்தை என்றதும் முதலில் வரமாட்டேன் என்றாள். பிறகு, சந்தை காலையிலேயே முடிந்துவிடும், அந்த ஆள் போயிருப்பார் என்று கிளம்பிவிட்டாள். போயிருக்கக் கூடாது என்றும் உள்ளே ஒரு மூலையில் நினைத்தாளா என்பதை அவளே அறிய மாட்டாள்.

அவள் பார்த்தது இது. பத்தடி தூரத்தில் சோலைமுத்து. அவன் எதிரே பாய். நடுவே சிவப்புக் கரைத் துண்டு. அந்தத் துண்டு நடுங்கியது. சினிமா நடுக்கம் இல்லை. நின்று, அடங்கி, மறுபடி விரல் நுனியிலிருந்து புறப்பட்டு மணிக்கட்டுக்கு ஏறும் நடுக்கம். எட்டு வருடம் காலையில் காப்பித் தம்ளரில் அவள் பார்த்த அதே நடுக்கம்.

ஹக்கீமுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு தரம் இரண்டு கைக்குள் பொத்தி வைத்திருந்தவர் அல்லவா! தன் கையால் அதை அப்படியே செய்தார். சோலைமுத்துவின் கை அதற்கடியில் கல்லாக இருந்தது.

"கட்! கட்! எக்ஸலண்ட்!" முகேஷ்குமார் தொப்பியைக் கழற்றி வீசினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஹக்கீம் கையை உருவிக்கொண்டு மெல்லச் சொன்னார்: "துண்டுக்குள்ள முப்பது வருசத்துல சொன்ன முதப் பொய், சோலை. அல்லா மன்னிப்பான். சினிமாதானே."

சோலைமுத்து சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கினான். கைதட்டுகிற வரிசையில் ஒருத்தி மட்டும் கைதட்டாமல் நின்றாள். கூடையை இடுப்பிலிருந்து இறக்கி, பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வேனைப் பார்த்து நடந்தாள்.

"அழகு!"

அவள் நிற்கவில்லை. அவன் கயிற்றைத் தாண்டி ஓடினான். வேன் படியில் கால் வைத்தவளை முன்னால் போய் மறித்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு இப்படி வர வேண்டியிருந்தது:

"அது என் கை இல்ல. பாய் கை."

பொன்னழகு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். சிரிப்பா கோபமா தெரியவில்லை. "போன தடவை காப்பித் தம்ளர் ஆடுனப்ப பூகம்பம்னு சொன்னீங்க. இப்ப பாய் கையா?"

அவன் சொன்னது உண்மை. ஆனால் உண்மை சொல்வதற்குரிய வாயை அவன் எப்போதோ செலவழித்துவிட்டிருந்தான்.

ஹக்கீம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "தாயி, சத்தியமாச் சொல்றேன். ஆட்டினது நான்தான். இவன் இருபது மாசமாத் தொடலை."

"பாய், நீங்க நல்லவுக" என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது. "முன்னாடி ஒரு நாள் இவுக குடிச்சுட்டுச் சந்தையில விழுந்து கிடந்தப்ப, சோலைக்குக் காய்ச்சல்மான்னு எனக்குப் போன் போட்டுச் சொன்னதும் நீங்கதான். என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னீங்க. தெரியும். இன்னைக்கும் சொல்லுவீங்க."

ஹக்கீம் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் போன் அவருக்கு நினைவிருந்தது. நல்லது நினைத்துச் சொன்ன பொய் ஒன்று, இத்தனை நாள் கழித்து, அவர் சொல்கிற மெய்யின் குறுக்கே வந்து நின்றது.

நான்சி ஓடி வந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சோலைமுத்து அவளைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டினான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தான். உதறினான். பொன்னழகுக்கு எதிரே அதை விரித்து, தன் வலது கையை உள்ளே நீட்டினான்.

"நான் பேசலை. பாயும் பேச வேணாம். நீயே பிடிச்சுப் பாரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சந்தையில் பெண்கள் ஆடு விற்பார்கள், ஓட்டி வருவார்கள், தரகரோடு சண்டையும் போடுவார்கள். துண்டுக்குள் கை விட்டதில்லை. பூக்கூடைப் பெண்ணொருத்தி பின்னாலிருந்து, "பிடிக்காத புள்ள, வெலை வச்சிரப் போறாரு!" என்றாள். இன்னொருத்தி, "சும்மா இருடி மாயம்மா" என்று அவள் தோளைக் கிள்ளினாள்.

"என்னத்துக்கு வெலை பேச?" என்று கேட்டாள் பொன்னழகு.

"ஒரு கிடாய்க்கு" என்றான். "கருப்புக் கிடாய். நம்ம வீட்ல கட்டிக் கிடக்குது. நாளைக்கு ஓட்டிக்கிட்டு வாரதா இருந்தேன். கருப்பனுக்குக் குடுக்க வேண்டியது."

அவள் முகத்தில் எதுவோ அசைந்தது. படியிலிருந்து காலை எடுத்தாள். ஓரடி கிட்டே வந்தாள். முதலில் எட்டு வருடப் பழக்கம்: அவன் மூச்சு படுகிற தூரத்தில் நின்று, மூக்கை உறிஞ்சினாள். வெற்றிலை வாசம் இருந்தது. ஆட்டு வாசம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

சரி, குடிக்கவில்லை. அப்படியானால் கை ஆட வேண்டும். நிச்சயம் ஆட வேண்டும். அவள் கையைத் துண்டுக்குள் விட்டாள்.

சோலைமுத்துவுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. குடி விட்ட கையாகவே இருக்கட்டும், பயத்தில் நடுங்காதா? இப்போது ஒரு விரல் உதறினால் போதும். மேலே சொல்ல ஒரு வார்த்தை இல்லை. கருப்பா என்று நினைத்துக்கொண்டான். அதற்குமேல் எதையும் வேண்டத் தோன்றவில்லை.

துண்டு அசைந்தது. பார்த்துக்கொண்டிருந்த நான்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். துண்டு நன்றாகவே நடுங்கியது.

ஆனால் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். நடுங்கியது பொன்னழகின் கை. பூப்பறித்துக் காம்பு குத்திய விரல்கள். அதைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது, ஆட்டுக்கயிறு கட்டுகிற கல்தூண் மாதிரி. வாயில் வாடை இல்லை, கையில் நடுக்கம் இல்லை. இரண்டும் சேர்ந்து இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சோலைமுத்து தன் இன்னொரு கையையும் துண்டுக்குள் விட்டான். அவள் கையை இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு ஒருவர் செய்து காட்டியதுதான். அடங்கும் வரை பிடித்திருந்தால் போதும் என்று அவனுக்குத் தெரியும். அடங்கியது.

ஹக்கீம் அங்கே நிற்கவில்லை. லுஹருக்கு நேரமாகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு, தொட்டிப் பக்கம் போய்த் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். தேவைக்கு அதிகமாகவே அடித்துக்கொண்டார்.

"தரகர் பொண்டாட்டிக்கு விரல் பாஷை தெரியாதா?" என்றாள் பொன்னழகு கண்ணைத் திறந்து. யாருக்கும் தெரியாமல் உள்ளே அவன் கையில் ஏதோ அழுத்தினாள். அது என்ன என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவன் முகம் அப்போது, ஆடு விற்ற முகமாக இல்லை, வாங்கிய முகமாக இருந்தது.

கையை வெளியே எடுத்துக்கொண்டு அவள் உரக்கச் சொன்னாள்: "நாளைக்கு எட்டு மணிக்குள்ள வந்துருங்க. பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும். அதுக்கு முன்னாடி அது உங்களைப் பாக்கணும். கிடாயை வெயில்ல நடத்திக் கூட்டியாராதீங்க, வண்டியில ஏத்துங்க."

"சரி."

"தலையைக் கொஞ்சம் வெட்டிக்கங்க."

"சரி."

"எல்லாத்துக்கும் சரியா?" என்றாள் மாயம்மா. "கலியாணம் ஆன புதுசுல கூட இம்புட்டு சரி சொல்லியிருக்க மாட்டாரு!"

முகேஷ்குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வேலை வேலைதான். "அண்ணா… அக்கா… இதையே ஒரு தடவை கேமரா முன்னாடி… அதே மாதிரி கை விட்டு…"

ஈரத் தாடியோடு திரும்பி வந்த ஹக்கீம் அவர் தோளில் கையை வைத்தார். "வேணாம் தம்பி. உங்க படத்துல இதுக்கு இடம் இல்ல. அவுக ரெண்டு பேரும் சேர்ந்துட்டாக. படம் ஓடாது."

நான்சி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பேனாவை எடுத்தாள். எழுதாமலே நோட்டை மூடினாள். பிறகு இயக்குநரைப் பார்த்து, "சார், அந்தக் கடைசி சீன்… அவர் சாகணுமா?" என்று கேட்டாள். முகேஷ்குமார் கீழே விழுந்து கிடந்த தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு கிடாய் அதை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சோலைமுத்து துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வடமதுரை பஸ்ஸுக்கு நடந்தான். வடமதுரையில் முடிதிருத்தும் கடை மூன்று மணிவரை திறந்திருக்கும்.